குணசுந்தரி ஏறிய வண்டி

1

இந்தக் கதையின் மூலம் ஒரு டப்பா பெயின்ட். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். குடியிருப்பது கவரைப்பேட்டையில். பக்கத்து வீட்டு மணவாளன் சார் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, வெளிர் பச்சன்னா எத்தினி வெளிர் பச்ச இருக்குது?”

“எதுக்கு சார்?”

“கேரவனுக்கு.”

கதை எழுதுகிற பழக்கம் உள்ளவனிடம் இப்படி ஒரு சொல்லைப் போட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. அன்றைக்கே ஒரு தொடக்கம் எழுதினேன்: ‘பயணம் என்பது புறப்படுவதில் இல்லை, அது’. அது எதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாததால் வாக்கியம் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது. இரண்டாவது தொடக்கம்: ‘அந்த முட்டை வடிவ வண்டியை முதன்முதலில் பார்த்தபோது மணவாளனின் கண்கள்’. கண்கள் என்ன செய்தன என்று சொல்ல வழியில்லை. அவர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தெரியாத இடத்தில் அடைப்புக்குறி போடுகிறேன். (உதாரணம்: இது.)

2

பல வருடங்களுக்கு முன் அனல்மின் நிலைய வேலைக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். அவர் குவார்ட்டர்ஸில் தங்க மாட்டேன் என்று சொல்லித் தன் வீட்டைக் கப்பலில் வரவழைத்தார். வீடு என்றால், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன அலுமினிய வீடு. எதிரெதிராக இரண்டு படுக்கைப் பலகைகள், நடுவே மடக்கு மேசை, ஒரு அடுப்பு, வாத்துப் படம் ஒட்டிய ஒரு கதவு. வேலை முடிந்ததும் பொறியாளர் விமானத்தில் போய்விட்டார். வீடு ஒரு காண்டிராக்டரின் யார்டில் வேப்பமரத்தடியில் நின்றது. மணவாளன் சார் ஒவ்வொரு ஷிப்டுக்கும் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தார். அவர் ஓய்வு பெற்ற வருடம் யார்டைக் காலி செய்தார்கள். கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குள் ஒரு கோழி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள்.*

வாங்கியது மனைவிக்காக. குணசுந்தரி அக்கா பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்தவர். அப்பா, அண்ணன்கள் எல்லாரும் ஏரியில் இறால் பிடித்தவர்கள். கட்டிக்கொடுத்த ஊரான அத்திப்பட்டிலும் கடல்தான். கவரைப்பேட்டைக்குக் குடிவந்த பிறகும் உப்புக் காற்று விடவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை.

“எங்க வேணா கூட்டினு போ. கடல் தெரியக் கூடாது. உப்புக் காத்து மூஞ்சில அடிக்கக் கூடாது. அவ்ளோதான்.”

ஷிப்டு, ஓவர்டைம், கொதிகலன் பராமரிப்பு என்று அது தள்ளிக்கொண்டே போய்விட்டது. கேரவன் வீட்டு வாசலுக்கு வந்த அன்று குணசுந்தரி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் கதவைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வாத்தைச் சுரண்டாமல் அதைச் சுற்றி மட்டும் தேய்த்தார்.

* ‘கேரவன்’ என்றால் இந்தப் பக்கத்தில் சினிமா நடிகர் உள்ளே இருப்பார் என்று அர்த்தம். அன்று மாலை தெருவில் கூட்டம் கூடிவிட்டது. உள்ளே யாரும் இல்லை என்று மணவாளன் சார் கதவைத் திறந்து காட்டினார். கோழி இறங்கி வந்தது. கொஞ்சம் பேர் அதையும் செல்ஃபி எடுத்தார்கள்.

3

நெடுஞ்சாலை ஓரத்தில் தணிகைவேல் லாரிகளுக்கு பாடி கட்டுகிறார். பொங்கல் முடிந்த கையோடு கேரவனை அவருடைய ஷெட்டுக்கு இழுத்துப் போனார்கள். அவர் ஒரு சுற்று சுற்றி வந்து, தகட்டை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் பெரிய வேல. மூணு வாரம். பெயின்ட்டு காயறதுக்கு வேணா ரெண்டு நாளு சேத்துக்கோ.”

அவர் பொய் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வரைவில் அவரை வில்லனாக்கி, பெரிய மீசையும் வைத்திருந்தேன். தணிகைவேலுக்கு மீசையே கிடையாது. மூன்று வாரம் என்பதை அவர் மனப்பூர்வமாக நம்பினார். ஒவ்வொரு முறை சொன்னபோதும் நம்பினார்.

வெளித் தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே மரச்சட்டம் தொட்டால் காப்பிப்பொடி மாதிரி உதிர்ந்தது. சட்டத்தை மாற்ற, தரையைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்தார்கள். அடியில் சேசிஸ் துருப்பிடித்துத் தேன்கூடாகியிருந்தது. புது சேசிஸ் போட்டார்கள். பழைய அச்சு அதற்குப் பொருந்தவில்லை. டிராக்டர் டிரெய்லரின் அச்சைப் போட்டார்கள். வண்டி ஒரு முழம் உயர்ந்தது. இழுவைக் கொக்கி வானத்தைப் பார்த்தது. கொக்கியை இறக்க முன்பக்கத்தை வெட்டினார்கள். ஜன்னல் கோணிக்கொண்டது. ஜன்னலுக்கு உரிய ரப்பர் அந்தப் பொறியாளரின் நாட்டிலேயே இப்போது கிடையாதாம். பஸ் ஜன்னல் ரப்பரைப் போடுவதற்காக ஜன்னலைப் பெரிதாக்கினார்கள். அதற்கு மரச்சட்டத்தை, அதாவது புதிதாகப் போட்ட மரச்சட்டத்தை, அறுக்க வேண்டியதாயிற்று. தகடு வெட்டுப்பட்டுக் கெட்டுப்போனதால் புதுத் தகடு. கதவு சேராததால் புதுக் கதவு. பழையதெல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் குவிந்தது.

நடுவில் லாரிகள் வந்தன. லாரி வந்தால் லாரிதான் முதலில்.

“லாரி நின்னா ஒரு குடும்பம் நின்னுபூடும் சார்,” என்றார் தணிகைவேல். “ஊடு நின்னா இன்னா? ஊடுன்னா நிக்கறதுதான.”

மழை வந்தது. வேலையாட்கள் ரயில் ஏறி பீகாருக்குப் போய் வந்தார்கள். ஆயுத பூஜை வந்தது. கேரவனுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். அந்த வாரம் அதற்குச் சக்கரம் இல்லை. சக்கரம் இருந்திருக்க வேண்டிய இடங்களில் எலுமிச்சம்பழத்தை வைத்து, அதை நசுக்குவதற்காக நான்கு பேர் சேசிஸைத் தூக்கிப் பழத்தின் மேல் இறக்கினார்கள். மணவாளன் சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் நர்மதா என்கிற பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கதை கேட்டார். ஒன்று கைவசம் இருக்கிறது என்றேன். எப்போது தருவீர்கள் என்றார். மூன்று வாரம் என்றேன். நானும் நம்பித்தான் சொன்னேன்.

4

இந்த இடத்தில் எனக்கு மணவாளன் சார் மேல் ஒரு சந்தேகம் வந்தது. பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தால் அதை வாசகரிடம் மறைக்கக் கூடாது.

அவர் தினமும் காலை நாஷ்டாவை முடித்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு ஷெட்டுக்குப் போனார். சாயங்காலம் வந்தார். ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு டிபன் வண்டி இருந்தது. அங்கே டீயை வாங்கிக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்றபடி, ஷெட்டில் நடக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஆகவே இப்படி எழுதினேன்:

‘வண்டி முடிந்துவிடக் கூடாது என்றே அவர் உள்ளூர விரும்பினார். ஆயுள் முழுக்கக் கொதிகலனோடு இருந்தவருக்கு மனைவியோடு ஒரு சின்ன அறையில் எதிரெதிராக உட்கார்வது பயமாக இருந்தது. இதை உணர்ந்த குணசுந்தரி ஒரு நாள் சமையலறையில் யாருக்கும் தெரியாமல் அழுதார்.’

எழுதியதை குணசுந்தரி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். (அவர் அப்போது ஊரில் இல்லை. எங்கே போனார் என்பது அடுத்த பகுதியில் வருகிறது.) குரல் செய்தி வந்தது. பின்னணியில் தோசைக்கல்லில் எதையோ சுரண்டுகிற சத்தம்.

“தம்பி, நான் எங்கப்பா அழுதேன்? அந்த வரிய எடு. அவுரு பயந்தாரோ இன்னாவோ, அத அவுராண்ட கேளு. எனக்கு அழுவ வரல. பேஜாருதான் வந்துது. அழுவறதுக்கும் பேஜாருக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு, கதையெல்லாம் எழுதற?”

அந்த வரியை எடுத்துவிட்டேன். நீங்கள் மேலே படித்தது எடுத்த வரி.

மணவாளன் சாரிடமும் கேட்டேன். “வேல நடக்கற எடத்துல நின்னா எனக்கு நல்லாருக்குது தம்பி,” என்றார். “அதுக்கு மேல எனக்குத் தெரில.”

5

அந்த டிபன் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அதை நடத்துகிறவர் விக்டோரியா. முன்பு சாலையோரம் கீற்றுக்கடை வைத்திருந்தார். சாலையை அகலப்படுத்தியபோது கடை போய்விட்டது. கணவர் ஜோசப் வெல்டர். பழைய இரும்புக் கடையில் கொஞ்சம் அலுமினியத் தகடும் ஒரு கதவும் வந்து கிடப்பதைப் பார்த்து வாங்கி வந்தார். கழித்துப் போட்ட ஒரு இழுவை வண்டியின் மேல் இரும்புக் கம்பியில் கூடு கட்டி, தகட்டைச் சுற்றி ரிவிட் அடித்தார். ஓட்டையான இடங்களில் எண்ணெய் டின்னைத் தட்டி ஒட்டினார். மரச்சட்டத்தைப் பற்றிய பிரச்சினையே அவருக்கு வரவில்லை. மரமே போடவில்லை. சனிக்கிழமை காலை தொடங்கி ஞாயிறு சாயங்காலம் முடித்துவிட்டார். நடுவில் சர்ச்சுக்கும் போய்வந்தார்.

அந்தத் தகடு எந்த ஷெட்டுக்குப் பின்னாலிருந்து இரும்புக் கடைக்குப் போனது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. அந்த வண்டியில் வாரத்துக்கு இரண்டு முறை தோசை தின்றிருக்கிறேன். மணவாளன் சாருக்கும் தெரியவில்லை. மாதக்கணக்கில் அதற்கு முதுகைக் காட்டியபடி நின்று, தன் வண்டி உருவாகிறதா என்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பொங்கலும் போய், வெயில் போய், ஆடி பிறந்தது. ஒரு நாள் மணவாளன் சார் சாப்பாட்டுத் தூக்கை மறந்து போய்விட, குணசுந்தரி அக்கா அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். தணிகைவேல் அவரைப் பார்த்ததும், “அடுத்த வாரம்க்கா,” என்றார். அக்கா எதுவும் கேட்டிருக்கவில்லை. தூக்கைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, வெயிலுக்கு ஒரு சோடா குடிக்கலாம் என்று சாலையைக் கடந்தார். வாத்து அவரைப் பார்த்தது.

“இந்தக் கதவு ஏதும்மா?”

“ஸ்கிராப்புல வாங்கினதுக்கா,” என்றார் விக்டோரியா. “ஏன், உங்களுதா?”

“நான் கழுவின கதவு.”

விக்டோரியாவுக்கு முகம் மாறிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார். “திருப்பிக் கேப்பீங்களாக்கா? புள்ளைங்க படிப்பே இதுலதான் ஓடுது.”

குணசுந்தரி அக்கா கதவைத் திறந்து உள்ளே ஏறினார். வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார்.

“இது ஓடுமா?”

“ஓடும்க்கா. ஆடிக் கிருத்திகைக்கு இத இழுத்துக்கினு திருத்தணி போறோம். காவடிக் கூட்டம் வரும், வியாபாரம் நல்லா போவும்.”

“அங்க கடல் தெரியுமா?”

“மலக்கா அது.”

அன்று சாயங்காலம் மணவாளன் சார் வீட்டுக்கு வந்தபோது கட்டிலில் ஒரு பை இருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

“திருத்தணி போறேன்.”

“இன்னா திடீர்னு? ஒரு வாரம் பொறு. வண்டி வந்துடும், சேந்தே போலாம்.”

“நீ அடுத்த வாரம் வா. நான் இந்த வாரம் போறேன்.”

சண்டை இல்லை. குரல்கூட உயரவில்லை. ரசம் எங்கே இருக்கிறது, கேஸ் எப்போது தீரும் என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, ஜோசப் ஓட்டிய சின்ன லோடு வண்டிக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போன அந்த ஒட்டுப்போட்ட முட்டையில் ஏறிப் போய்விட்டார்.

6

கிருத்திகை முடிந்தது. குணசுந்தரி அக்கா வரவில்லை. திருத்தணியிலிருந்து அவர்கள் பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டார்கள். அங்கே காலை டிபனுக்கு நல்ல கிராக்கியாம். மணவாளன் சார் தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், “கோயிலுக்குப் போயிருக்கா, வந்துடுவா,” என்றார். பிறகு அவரே அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

(அந்த நாட்களில் அவர் வீட்டில் என்ன சாப்பிட்டார், எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. விளக்கு எரிந்தது. டிவி ஓடவில்லை.)

ஒரு மத்தியானம் பெயின்ட் மாதிரிகளைக் காட்டுவதற்காக ஷெட்டுக்குப் போனேன். கேரவனுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். புது பிளைவுட் பலகை ஒன்றில் மணவாளன் சார் உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பலகையில் செல்போனைச் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“மலைக்குப் பின்னாடி ஒரு மல இருக்குது,” என்றது போன். “அதுக்குப் பின்னாடியும் ஒண்ணு இருக்குது. மழ வந்தா முன்னாடி இருக்கறதுதான் மொதல்ல மறையும்னு நெனச்சேன். பின்னாடி இருக்கறதுதான் மறையுது.”

“சாப்ட்டியா?”

“ஆச்சு. வெங்காயம் அரிஞ்சிக்கினு இருக்கேன். நீ?”

“நானும் ஆச்சு.”

அவருடைய தூக்கு திறக்கப்படாமல் பக்கத்தில் இருந்தது. போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். இறங்கும்போது என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பெயின்ட் மாதிரி அட்டைகளைப் பார்க்கவில்லை. நேராகத் தணிகைவேலிடம் போனார்.

“தணிகை, இருக்கறத வெச்சு மூடு.”

“சார், அந்தாண்ட சைடு பெயின்ட்டே அடிக்கல. தண்ணி பம்ப்பு வரல. ஒயரு தொங்குது.”

“பரவால்ல, மூடு.”

“என் பேரு கெட்டுடும் சார். தணிகைவேல் கட்டின வண்டி இதுன்னு நாலு பேரு சிரிப்பான்.”

“எங்க ஊட்டுக்காரி போயிட்டா தணிகை,” என்றார் மணவாளன் சார்.

தணிகைவேல் ஆட்களைக் கூப்பிட்டார். பாதியில் இருந்த ஒரு லாரியை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் வந்தார்கள். லாரியின் டிரைவர்கூட ஸ்குரூ டிரைவரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் வண்டி மூடப்பட்டது.

ஆகவே, இப்படிப்பட்ட வண்டியைச் சீர்செய்ய உண்மையில் எவ்வளவு காலம் ஆகும் என்று யாராவது கேட்டால் என்னால் இரண்டு விதமாகப் பதில் சொல்ல முடியும். இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன்.

7

மறுநாள் காலை கிளம்பினோம். நானும்தான். “பெயின்ட்டு டப்பாவ எடுத்துக்கினு வா தம்பி, வழியில எங்கனா நிறுத்தி அடிச்சிக்கலாம்,” என்றார் மணவாளன் சார். அவருடைய பொலிரோவுக்குப் பின்னால் கேரவன் வந்தது. ஒரு பக்கம் வெளிர் பச்சை. மறு பக்கம் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடின் செங்கல் நிறம். சாலைக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு ஒரு வண்டியும் அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு வேறு வண்டியும் தெரிந்தது.

பெயின்ட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முடிவுகளை யோசித்தேன்.

ஒன்று: குணசுந்தரி அக்கா புது வண்டியைப் பார்த்து மனம் உருகி ஏறிக்கொள்கிறார். (‘அழுதார்’ என்ற வரியைப் போல இதையும் எடுக்கச் சொல்வார்.)

இரண்டு: மணவாளன் சார் புது வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு, விக்டோரியாவின் வண்டியில் தோசை ஊற்றுகிறவராகச் சேர்ந்துவிடுகிறார். அவருக்கு வேலை நடக்கிற இடம் பிடிக்குமே. (அழகாக இருக்கிறது. ஆனால் அவருக்குத் தோசை ஊற்றத் தெரியாது.)

மூன்று: வழியில் கேரவனின் அச்சு உடைந்து, சரி செய்ய மூன்று

மூன்றாவதை முடிப்பதற்குள் பொதட்டூர்பேட்டை வந்துவிட்டது.

8

ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பை ஒட்டிய காலி இடத்தில் டிபன் வண்டி நின்றது. கூட்டம் வடிந்திருந்தது. குணசுந்தரி அக்கா சட்னிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொஞ்சம் கறுத்திருந்தார். வேறு மாதிரி நிற்கப் பழகியிருந்தார், இடுப்பில் கைவைத்து.

“முடிஞ்சிட்டுதா?” என்றார்.

“முடியல,” என்றார் மணவாளன் சார். “இட்டாந்துட்டேன்.”

அக்கா புது வண்டியைச் சுற்றி வந்தார். பச்சைப் பக்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை. செங்கல் நிறப் பக்கத்தில் நின்று லேசாகச் சிரித்தார். உள்ளே ஏறி அலமாரியைத் திறந்து மூடினார். மேசையை மடக்கி விரித்தார். குழாயைத் திருகினார்.

“தண்ணி வரல.”

“பம்ப்பு அடுத்த” என்று தொடங்கிய மணவாளன் சார் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

“நல்லாத்தான் இருக்குது. லாட்ஜு ரூம் மாரி.”

“உனக்காகத்தான் சுந்தரி.”

“எனக்காகன்னு சொல்லாத. உனக்குப் புடிச்சிது, செஞ்ச. நான் வேணாம்னா சொன்னேன்? கூட்டினு போன்னுதான் சொன்னேன்.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு குனிந்து, அக்கா பாதியில் விட்டிருந்த சட்னிப் பாத்திரத்தை எடுத்து மண்ணைப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். கொதிகலனைச் சுத்தம் செய்கிறவர் தேய்க்கிற மாதிரி, ஓரம் ஓரமாக. விக்டோரியா, “விடுங்க சார், நான் பாத்துக்கறேன்,” என்றார். அவர் விடவில்லை. குணசுந்தரி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினார். இரண்டு பேரும் எல்லாப் பாத்திரத்தையும் கழுவி முடித்தார்கள்.

அடுத்தது பள்ளிப்பட்டு, அங்கிருந்து ஆந்திரப் பக்கம் என்று ஜோசப் சொன்னார். மணவாளன் சார் யாரையும் கேட்காமல் பொலிரோவை அந்தச் சாலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். இரண்டு முட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இரண்டு கதவும் திறந்திருந்தன. அவர் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றார். வா என்று கூப்பிடவில்லை. அப்படிக் கூப்பிடாமல் நிற்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்பது, இந்த முறை கூலிங் கிளாஸ் இல்லாததால், எனக்குத் தெரிந்தது.

குணசுந்தரி அக்கா பையை எடுத்துக்கொண்டு வந்தார். நடுவழியில் நின்று என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீ அந்தாண்ட திரும்பி நில்லு.”

“ஏங்க்கா?”

“பாத்தா எழுதிடுவ.”

திரும்பி நின்றேன். எதிரே மாந்தோப்பு. கிளைகளில் யாரோ பழைய சேலைகளைக் கட்டிவிட்டிருந்தார்கள், குரங்கு வராமலிருக்க. ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு கதவு. வண்டிகள் கிளம்பின. நான் திரும்பியபோது இரண்டும் பள்ளிப்பட்டு சாலையில் தூசிக்குள் போய்க்கொண்டிருந்தன. பெயின்ட் டப்பா என் காலடியில் இருந்தது. பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன்.

போனில் அக்காவிடம் கேட்டுவிட்டால் தெரிந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டேன். “நீதான கதை எழுதற,” என்று சொல்லிவிட்டு, அங்கே மழை பெய்வதைப் பற்றிப் பேசினார். ஆசிரியர் நர்மதா நேற்றுவரை பொறுத்தார். இன்று அனுப்பியாக வேண்டும்.

எனவே குணசுந்தரி அக்காவை நீங்கள் ஏற்றிவிடுங்கள். எதில் என்று நான் சொல்லப்போவதில்லை. அவருக்கு இடது முழங்கால் சரியில்லை, படி இரண்டிலுமே கொஞ்சம் உயரம். ஏறும்போது கை கொடுங்கள்.